எப்போது என்பதை யார் சொல்வது?

மரபணுப் பொறியியல் என்றவுடன் நம் மாணவர்கள் ஒப்புவிப்பது நான்கு சொற்களை: வெட்டு, ஒட்டு, நுழை, பெருக்கு. தேர்வுக்கு அது போதும். எந்த மரபணு, எந்த உயிரிலிருந்து, எந்தப் பாக்டீரியாவுக்குள் என்று எழுதினால் புள்ளிகள் கிடைத்துவிடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நுழைத்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பெரும்பாடு. ரசத்துக்கு வேண்டிய புளியும் மிளகும் பெருங்காயமும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. எதை எப்போது போடுவது என்று தெரியாதவர் வைத்தால் அது ரசம் ஆவதில்லை.

இக்கட்டுரை அந்த 'எப்போது' பற்றியது. அறிவியலின் 'எப்போது' ஒன்று இருக்கிறது. அந்த அறிவியலை மக்களிடம் எப்போது சொல்வது என்ற இன்னொன்றும் இருக்கிறது. முதலாவதில் மனிதன் அரை நூற்றாண்டில் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருக்கிறான். இரண்டாவதில் நம் நாட்டு அனுபவம் அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை என்பது என் கருத்து.

முதலில் பாக்டீரியாவிடம் போவோம். நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அது புரதம் செய்தே களைத்துச் சாகும். ஆகவே தேவை வரும்போது மட்டும் தேவையானதை எழுப்புகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஒரு காவலாளிப் புரதம் உட்கார்ந்திருக்கும். லாக்டோஸ் வந்தால் காவலாளி பிடியைத் தளர்த்தி விலகும், மரபணு விழிக்கும். சர்க்கரை தீர்ந்தால் காவலாளி மீண்டும் வந்து உட்காரும். இதை 1961இல் விளக்கியவர்கள் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்களான பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ இருவரும். 1965இல் ஆந்திரே லுவோஃபுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரபணுவுக்குச் சுவிட்சு உண்டு என்று உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான்.

சுவிட்சு இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் கை சும்மா இருக்குமா? 1978இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுக்களைச் செயற்கையாகச் செய்து, அதே லாக்டோஸ் சுவிட்சின் பொறுப்பில் ஈ. கோலிக்குள் வைத்தார்கள். 1982இல் அவ்வகை இன்சுலின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம்மைப் போன்ற பல சமய நாட்டில் இது எத்தனை வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு தர்மசங்கடத்தைத் தீர்த்து வைத்திருக்கும் என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. வேற்று மரபணு தொடக்கத்திலிருந்தே விழித்திருந்தால் பாக்டீரியா தனக்குப் பயனில்லாத புரதத்தைச் செய்வதில் தன் வலிமையை இழக்கும், மெல்ல வளரும். கூட்டத்தில் ஏதாவது ஒரு பாக்டீரியா தற்செயலாக அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டால், அதன் பிள்ளைகள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகிக் கலனையே பிடித்துக்கொள்ளும். பிறகு கலனில் நிறைய பாக்டீரியா இருக்கும், மருந்து இருக்காது. ஆதலால் முதலில் மரபணுவை உறங்க வைத்துக் கூட்டத்தைப் பெருக்குகிறார்கள். கூட்டம் போதிய அளவு அடர்ந்ததும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள், அல்லது வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். அந்த நொடியில் கோடானுகோடி உயிரணுக்கள் ஒன்றாக வேலையைத் தொடங்குகின்றன.

இது எங்கோ வெளிநாட்டில் நடப்பதாக நினைக்க வேண்டாம். பெங்களூரில் தோன்றிய பையோகான் நிறுவனம் ஜொகூரில் இன்சுலின் தொழிற்சாலை நடத்துகிறது. அந்நிறுவனம் தன் இன்சுலினுக்குப் பாக்டீரியாவைப் பயன்படுத்துவதில்லை. பிச்சியா என்னும் ஒருவகை ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. உயிர்தான் வேறு, உத்தி ஒன்றே. பிச்சியாவைக் கையாள்வோரின் வழக்கமான முறை இது: கிளிசரால் கொடுத்து முதலில் வளர்ப்பார்கள், பிறகு உணவை மெத்தனாலுக்கு மாற்றுவார்கள், மெத்தனாலைக் கண்டதும் மரபணு விழிக்கும். சாப்பாட்டை மாற்றுவதே சுவிட்சைத் தட்டுவது.

நம் சமூகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஏதாவது ஒரு தமிழர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். கதவுப் பக்கத்தில் ஊறுகாய்ப் புட்டிக்கு அருகே இன்சுலின் இருக்க வாய்ப்பு அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இந்த ஆய்வுகளில் இனவாரியாகப் பார்க்கும்போது மேலே நிற்பவர்கள் இந்தியர்கள். 'இனிப்புநீர்' என்பது நம்மவரிடையே நோயின் பெயராக இல்லாமல் வயதின் பெயராகவே ஆகிவிட்டது. பொறியியல் செய்யப்பட்ட நுண்ணுயிர்களின் உழைப்பை இந்நாட்டில் மிகுதியாக உண்டு வாழ்பவர்களில் நாமும் அடக்கம்.

கிள்ளானில் என் பெரியம்மா ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டே, "ஏம்பா, நீ படிக்கிற படிப்புல இத எதுலேருந்து செய்யறாங்கன்னு சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டார். "கிருமியிலேருந்து பெரியம்மா" என்றேன். முகத்தைச் சுளித்தார். தோசை மாவைப் புளிக்க வைப்பதும் கிருமிதான் என்று சொல்லி, கூட்டம் பெருகும்வரை காத்திருந்து வேலை வாங்கும் கதையை விளக்கினேன். "அப்ப ராத்திரி பூரா விட்டாத்தான் பொங்கும்னு சொல்லு" என்றார். ஒரு பருவம் முழுவதும் விரிவுரை கேட்ட எங்கள் வகுப்பில் சிலர் இவ்வளவு விரைவாக அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மக்களுக்குப் புரியாது என்று சொல்லும் அறிஞர்கள் எங்கள் பெரியம்மாவைச் சந்தித்ததில்லை.

சுவிட்சைத் தட்டுவதோடு மனிதன் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 'நேச்சர்' ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. கார்ட்னர், கேண்டர், காலின்ஸ் ஆகியோர் ஈ. கோலிக்குள் இருநிலைச் சுவிட்சு ஒன்றைக் கட்டினார்கள். ஒருமுறை தட்டினால் அந்நிலையை அது நினைவில் வைத்திருக்கும். மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஒரு கடிகாரத்தைக் கட்டினார்கள். மூன்று காவலாளிப் புரதங்கள். முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், மூன்றாவது முதலாவதை அடக்கும். முடிவில்லாத இந்தத் துரத்தலில் பாக்டீரியா பச்சை ஒளியில் கூடியும் குறைந்தும் துடித்தது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 150 நிமிடம். ஆனால் பாக்டீரியாவோ ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். பாட்டி தொடங்கிய துடிப்பைப் பேத்தி முடித்து வைத்தாள்! அந்தக் கடிகாரம் சீராக ஓடவில்லை. பக்கத்துப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று நேரம் தவறின. 2016இல்தான் அதைச் செப்பனிட்டு, பல தலைமுறைகளுக்குத் தாளம் தப்பாமல் ஓடச் செய்தார்கள்.

சுவிட்சைத் தட்ட மனிதக் கைகூட வேண்டியதில்லை. கூட்டம் கூடிவிட்டதை வேதிச் சமிக்ஞையால் தாமே உணர்ந்து ஒன்றாகச் செயல்படும் பாக்டீரியாக்கள் உண்டு. நம் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் சான் கோக் கான் இத்துறையில் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டவர். பசியும் ஒரு சமிக்ஞைதான். எண்ணெய் நிறையக் கொடுத்து நைட்ரஜனை மட்டும் குறைத்தால் சில பாக்டீரியாக்கள் எதிர்காலத்துக்கென்று உடலுக்குள் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சேமிக்கும். செம்பனை எண்ணெயைக் கொண்டு இந்த மட்கும் பிளாஸ்டிக்கைச் செய்யும் ஆய்வில் உலகம் அறிந்த பெயர்களில் ஒன்று பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுதேஷ் குமாருடையது. செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டிய துறை இது.

எலோவிட்ஸின் கடிகாரத்தில் இருந்த மூன்று காவலாளிகளில் ஒன்றின் பெயர் டெட்-ஆர். இது டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்களிடமிருந்து வந்தது. இந்தப் பெயரை மறவாதீர்கள். அதன் உறவுக்காரர் ஒருவர் 2010இல் பகாங் காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

டெட்-ஆர் புரதத்தை மாற்றியமைத்துச் செய்த ஒரு சுவிட்சைப் பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் ஏடிஸ் கொசுவுக்குள் வைத்தது. டெட்ராசைக்ளின் கலந்த நீரில் வளரும்வரை கொசுவின் கொல்லி மரபணு உறங்கும். ஆய்வுக்கூடத்தில் அப்படி வளர்த்த ஆண் கொசுக்களை வெளியே விட்டால் அவை காட்டுப் பெண் கொசுக்களுடன் கூடும். பிறக்கும் குஞ்சுகளுக்கு வெளியுலகில் டெட்ராசைக்ளின் கிடைக்காது. மரபணு விழித்து அவற்றைக் கொல்லும். இங்கும் நேரக் கணக்கு நுட்பமானது. குஞ்சுகள் முட்டையிலேயே சாவதில்லை. புழுப் பருவத்தின் கடைசியில் அல்லது கூட்டுப்புழுவாகும்போது சாகின்றன. அதுவரை உயிரோடிருந்து மற்ற கொசுப் புழுக்களின் உணவைப் பங்குபோடட்டும் என்பது திட்டம். டிங்கி காய்ச்சலை ஒழிக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை அரிது என்றே நானும் நினைக்கிறேன்.

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம், அதாவது நாம் ஐ.எம்.ஆர். என்று அழைக்கும் நிறுவனம், இக்கொசுக்களை இங்கே சோதிக்க முன்வந்தது. உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு 2009 டிசம்பரில்தான் நடப்புக்கு வந்திருந்தது. தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம் 2010 அக்டோபரில் அனுமதி அளித்தது. டிசம்பர் 21ஆம் நாள் பெந்தோங்கிற்கு அருகே மக்கள் வாழாத காட்டுப்பகுதியில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் 6,000, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சாதாரண ஆண் கொசுக்கள் 6,000 என விடப்பட்டன. ஆசியாவில் இத்தகைய முதல் சோதனை அது. மாற்றிய கொசு சராசரியாக 52 மீட்டரும் சாதாரணக் கொசு 100 மீட்டரும் பறந்தன என்றும், இரண்டுமே காட்டில் ஏறத்தாழ இரண்டு நாள்தான் வாழ்ந்தன என்றும் 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அதன் ஆசிரியர்கள் பட்டியலில் நம்மவர் பெயர்களும் இருக்கின்றன.

சோதனை ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பொதுமக்களுக்கு அது நடந்து முடிந்த செய்தி 2011 ஜனவரி 25ஆம் நாள்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புகூடச் சோதனை தள்ளிவைக்கப்பட்டதாக நாளேடுகளில் செய்தி வந்திருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் கடுமையாகக் குரல் கொடுத்தார். 2019இல் மறைந்த அப்பெரியவர் தமிழிலும் இதழ் நடத்தி எளிய மக்களுக்கு இவ்விஷயங்களைக் கொண்டு சேர்த்தவர்.

நடுநிலையோடு பார்ப்போம். சட்டப்படி கேட்க வேண்டிய அனுமதி கேட்கப்பட்டது. பொதுமக்கள் கருத்துக்கு முன்பே அறிவிப்பும் வந்தது. ஆண் கொசு மனிதரைக் கடிப்பதில்லை. எதிர்த்தவர்கள் கிளப்பிய அச்சங்களில் சில மிகையானவை. அதே வேளை, ஆய்வுக்கூடத்தில் மிகச் சிறிய விழுக்காடு குஞ்சுகள் டெட்ராசைக்ளின் இல்லாமலும் தப்பிப் பிழைத்தன என்பதும், கோழிப் பண்ணைகளில் அம்மருந்து புழங்குவதால் வெளியுலகில் அது அறவே இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்ல முடியாத அறிவியலாளர்கள் அல்லர் அவர்கள். ஆனால் விடை சொல்வதற்கு முன்பே கொசு பறந்துவிட்டது. ஒரு மரபணுவைப் புழுப் பருவத்தின் கடைசி நாள்வரை காத்திருக்கச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அண்டை அயலில் வாழ்பவர்களிடம் ஒரு மாதம் முன்னதாக வந்து பேசத் தோன்றவில்லை. அதன் விலையை அந்தத் தொழில்நுட்பமே கொடுத்தது. இந்நாட்டில் அது மேலே வளரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் உண்டு. அதிலும் நாயகன் பாக்டீரியாதான். ஒல்பாக்கியா என்னும் பாக்டீரியா பல பூச்சிகளுக்குள் இயற்கையாக வாழ்வது. அதை ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால் கொசுவில் டிங்கிக் கிருமி தழைப்பதில்லை. இது மரபணு மாற்றம் அன்று. நம் வெப்பத்தைத் தாங்கக்கூடிய வகையைத் தேர்ந்தெடுத்து, அதே ஐ.எம்.ஆர். 2017 முதல் பண்டார் சன்வேயில் உள்ள மெந்தாரி கோர்ட் அடுக்ககம் உட்பட கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆறு இடங்களில் கொசுக்களை விட்டது. விடுவதற்கு முன் குடியிருப்பாளர்களிடம் பேசினார்கள். அவ்விடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் முடிவுகள் வெளியாயின. மரபணு மாற்றம் இல்லாததால்தான் மக்கள் ஏற்றார்கள் என்று சிலர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கும். ஆனால் காட்டில் விட்ட கொசுவுக்கு நாடே கொதித்ததும், வீட்டு வாசலில் விட்ட கொசுவை மக்கள் பொறுத்துக்கொண்டதும் பாக்டீரியாவின் வகையால் மட்டும் நேர்ந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை. மூடிய கலனுக்குள் நடப்பதால் இன்சுலினை யாரும் கேள்வி கேட்கவில்லை. திறந்த வெளிக்கு வரும் எதற்கும் கேள்வி உண்டு.

அடுத்து வருவது திறந்த வெளிகூட இல்லை, நம் உடல். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவை மாற்றியமைத்து மருந்தாக விழுங்கச் செய்யும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அமெரிக்காவின் சின்லாஜிக் நிறுவனம் ஈ. கோலி நிஸ்லி வகையை அப்படி மாற்றியது. ஆக்சிஜன் இல்லாத இடத்தை உணர்ந்ததும், அதாவது குடலை அடைந்ததும், சில மரபணுக்கள் விழிக்கும்படி அமைத்தது. பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய்க்கான அதன் இறுதிக்கட்டச் சோதனை போதிய பலன் தராது எனத் தெரிந்து 2024இல் நிறுத்தப்பட்டது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் வேறொன்றைக் காட்டினார்கள். மாற்றப்பட்ட சால்மொனெல்லா பாக்டீரியாக்கள் கூட்டம் சேர்ந்ததும் ஒன்றாக வெடித்து உள்ளிருக்கும் மருந்தைக் கொட்டுகின்றன. மிஞ்சிய சில மீண்டும் பெருகி, மீண்டும் வெடிக்கின்றன. ஒரு தோல்வி, ஒரு நம்பிக்கை. என்றாவது ஒருநாள் இவற்றில் ஒன்று நீரிழிவுக்கும் வரலாம். வந்தால், யாருடைய வீட்டுக் கதவை முதலில் தட்டும் என்று மேலே சொன்ன விழுக்காடுகள் சொல்லும்.

அந்த நாளில் நம் மக்களுக்கு யார் விளக்குவார்கள்? புலனக் குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகளா? உயிரியல் பாதுகாப்பு வாரியம் ஒரு புதிய உயிரினத்தை வெளியில் விடும் விண்ணப்பத்தைப் பெறும்போது பொதுமக்கள் கருத்துக்குச் சில வாரங்கள் அவகாசம் தருகிறது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் ஒருவருக்கு அந்தச் சில வாரங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நம் பேரவை ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கலை இரவும் நடத்துகிறது. நடத்தட்டும், நானும் கைதட்டியவன்தான். ஆனால் இப்பல்கலைக்கழகத்தில் மரபணுவியலும் மருத்துவமும் சட்டமும் பயிலும் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அறிவிப்பை இரண்டு பக்கத் தமிழில் தர முடியும். அதை அவகாசம் முடிந்த பிறகு ஆண்டு மலரில் அச்சிட்டுப் பயனில்லை. முதல் வாரத்திலேயே நாளேடுகளுக்கும் தோட்டப்புறப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும். எதிர்க்க வேண்டும் என்றோ ஆதரிக்க வேண்டும் என்றோ அதில் எழுத வேண்டியதில்லை. சுவிட்சு எது, அதைத் தட்டுவது யார், எப்போது, தவறினால் என்ன நடக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும்.

கலைச்சொல் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கட்டுரையில் சுவிட்சு, காவலாளி, உறங்குதல், விழித்தல் என்ற சொற்களைக் கொண்டே முழுக் கதையையும் சொல்ல முடிந்திருக்கிறது. இவற்றைவிட நல்ல சொற்கள் தமிழ்த்துறை நண்பர்களிடம் இருந்தால் அவர்களே ஆறாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம். முன்னாள் மாணவர்களில் ஐ.எம்.ஆரிலும் சுகாதார அமைச்சிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுவோர் பலர் இம்மலரைக் கையில் எடுப்பார்கள். நாங்கள் எழுதுவதைச் சரிபார்த்துத் தர அவர்களில் இருவர் முன்வந்தால், அடுத்த அறிவிப்பிலேயே தொடங்கிவிடலாம்.